அண்டி ஆபீஸ் பாட்டியும் 8 நிமிடப் படமும்: குறு ஆவணப்படம், ஓர் எளிய அறிமுகம்

சில வருஷங்களுக்கு முன் மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, அண்டி ஆபீஸ் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப்போவதாகச் சொன்னாள். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: முந்திரிப் பருப்பு ஆலையைத்தான் குமரி மாவட்டத்தில் அண்டி ஆபீஸ் என்போம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் அண்டி ஆபீசுக்குப் போன பெண் ஒருத்தராவது இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எழுதி வைத்திருந்த திட்டத்தைக் காட்டினாள். ட்ரோன் காட்சியில் தொடக்கம். பிறகு தொழிலின் வரலாறு, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை வந்து இறங்கும் கதை, கூலி, உடல்நலம், தொழிற்சங்கம், ஓர் அதிகாரியின் பேட்டி, ஒரு பேராசிரியரின் பேட்டி. மொத்தம் 40 நிமிடம். எதுவும் தப்பில்லை. ஆனால் அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். "இதில் உனக்கு என்ன?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். பாட்டி 30 வருஷத்துக்கு மேல் அண்டி உடைத்தவர். வறுத்த கொட்டையை ஒவ்வொன்றாக வைத்துக் கட்டையால் தட்டி, பருப்பு நொறுங்காமல் எடுக்க வேண்டும். கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது; பட்டால் தோலைப் பொசுக்கும். அதற்காகக் கையில் சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ தடவிக்கொண்டு உட்காருவார்கள். அப்படியும் விரல் கறுக்கும், தோல் உரியும், நாளடைவில் ரேகை தேயும். ரேஷன் கடைக்குக் கைரேகை மெஷின் வந்தபோது பாட்டியின் பெருவிரல் அதில் பதியவில்லை. துடைத்து வைத்தார், அழுத்தி வைத்தார், மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்தார். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. வெறும் பையோடு வீட்டுக்கு வந்து பேத்தியிடம் சொன்னாராம்: "மெசினுக்கு எனக்க கை பிடிக்கேல மக்ளே. அண்டிக்குப் பிடிச்ச கைதான."

நான் அவளிடம், உன் படம் இதுதான் என்றேன். ஒரு சமூகப் பிரச்சினையை, அதற்குப் பக்கத்தில் வாழும் ஒருவர், தான் நிற்கும் இடத்திலிருந்து, சுருக்கமாக, நிஜ மனிதர்களையும் நிஜக் குரல்களையும் வைத்துச் சொல்லும் படத்தைத்தான் தனிப்பார்வைக் குறு ஆவணப்படம் என்று இங்கே சொல்கிறேன். இதுவரை ஆவணப்படமே பார்த்திராதவர்களையும், பார்த்துவிட்டு நாமும் எடுக்கலாமே என்று யோசிப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஆவணம் என்ற சொல்

அந்தச் சொல்லே கொஞ்சம் குழப்பும். ஆவணம் என்றால் நமக்குப் பத்திரப்பதிவு ஆபீஸ் நினைவுக்கு வருகிறது. கலப்படமில்லாத சாட்சி, யாரும் கை வைக்காத உண்மை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் எந்த ஆவணப்படமும் அப்படி எடுக்கப்பட்டதில்லை. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அன்று காட்டியவற்றில் ஒன்று, அவர்களுடைய ஆலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வரும் காட்சி. ஒரு நிமிடம்கூட ஓடாது. அந்தக் காட்சியின் மூன்று வடிவங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி வருகிறது, இன்னொன்றில் இரட்டைக் குதிரை, மூன்றாவதில் குதிரையே இல்லை. அதாவது ஒரு தடவை எடுத்ததில் திருப்தியில்லாமல் திரும்ப எடுத்திருக்கிறார்கள். கேமராவை எங்கே வைப்பது, எப்போது ஓட விடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற தேர்வு முதல் நாளிலேயே வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் இவ்வகைப் படங்களுக்கு 'டாக்குமென்டரி' என்ற பெயரை 1926இல் ஒரு பத்திரிகை விமர்சனத்தில் எழுதி வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் கிரியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நடப்பை எடுத்துக் கலையாகக் கையாள்வது என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். நடப்பும் வேண்டும், கையாள்வதும் வேண்டும்.

தமிழுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியார் 1930களின் கடைசியில் நாடு நாடாகச் சுற்றி, காந்தி பதிவான படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940இல் தமிழ் வர்ணனையோடு ஒரு முழுநீள ஆவணப்படமாக வெளியிட்டார். ஒரு தனிமனிதரின் பிடிவாதம் அது. கூகுள் இல்லாத காலத்தில், கப்பலில் போய்ச் சுருள் தேடியவரை நினைத்தால், கையில் போன் வைத்துக்கொண்டு வசதியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1948இல், இந்திய அரசு பிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்: தியேட்டரில் படம் தொடங்குமுன் அணைக்கட்டு, வெள்ளம், தடுப்பூசி, மந்திரி திறப்புவிழா என்று ஒன்று ஓடும். கனத்த குரல் ஒன்று பேசிக்கொண்டே போகும். அந்தக் குரலுக்கு முகம் கிடையாது, ஊர் கிடையாது. எல்லாம் தெரிந்த ஒருவர் மேலேயிருந்து நமக்குச் சொல்வது போல இருக்கும். ஆவணப்படம் என்றாலே சலிப்பு என்று நம்மில் பலர் நினைப்பதற்கு அந்தக் குரல் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். பின்னால் கேமரா கனம் குறைந்தது, படத்தையும் ஒலியையும் தெருவில் நின்றே சேர்த்துப் பிடிக்க முடிந்தது, வீடியோ வந்தது, கடைசியில் போன் வந்தது. மேலேயிருந்து பேசிய குரல் இறங்கி வந்து 'நான்' என்று பேச ஆரம்பித்தது இந்த வழியில்தான்.

செய்தியும் நடுப்பக்கமும்

தனிப்பார்வை என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் பேப்பரைத்தான் உதாரணம் காட்டுவேன். முதல் பக்கத்தில் செய்தி. எங்கே, எப்போது, எத்தனை பேர் என்று அது சொல்லும். எழுதியவர் தன்னை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். நடுப்பக்கத்தில் கட்டுரை. அங்கே எழுதியவரின் பெயர் மேலேயே இருக்கும். நான் இப்படி நினைக்கிறேன், காரணம் இது என்று அவர் வெளிப்படையாகச் சொல்வார். இரண்டுக்கும் தகவல் சரியாக இருக்க வேண்டும். ஆனால் கட்டுரைக்காரர் தான் நிற்கும் இடத்தை மறைப்பதில்லை. தனிப்பார்வை ஆவணப்படம் இந்த நடுப்பக்கக் கட்டுரைக்கு உறவுக்காரன். 2011இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தன் கருத்துப் பக்கங்களின் நீட்சியாகவே 'ஆப்-டாக்ஸ்' என்று குறு ஆவணப்படங்களுக்கு ஒரு பகுதி தொடங்கியது. சுயேச்சையாகப் படம் எடுப்பவர்கள் தங்கள் பார்வையில் எடுத்த சின்னப் படங்கள் அதில் வருகின்றன.

குமரியிலிருந்து பார்த்தால் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று நம் மேற்குக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். டிவியில் அன்றாடம் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. இத்தனை பேர் மீட்பு, இத்தனை பேரைக் காணவில்லை. அந்த எண்கள் அவசியமானவை. ஆனால் எண்ணுக்குள் ஒரு வீடு தெரியாது.

கடலில் காணாமல்போனவரை இறந்தவராகக் கருதச் சட்டம் பொதுவாக 7 ஆண்டுகள் கேட்கிறது. பேரிடர் நேரத்தில் அரசு இந்த விதியைத் தளர்த்துவது உண்டு. ஆனால் வீட்டுக்குள் இருப்பவளுக்குத் தளர்வு ஏது? பிள்ளையின் பள்ளி விண்ணப்பத்தில் தந்தை பெயருக்கு முன்னால் 'லேட்' போடுவதா வேண்டாமா? மணமானவரா, கணவரை இழந்தவரா என்று கேட்கும் கட்டத்தில் எதில் டிக் அடிப்பது? அந்தப் பேனா காகிதத்தின் மேல் நிற்கும் அந்த நொடியை ஒரு மகள் எடுத்தால், 6 நிமிடத்தில் ஒக்கி என்றால் என்னவென்று புரிந்துவிடும். திவ்யபாரதி ஒக்கிக்குப் பிறகு எடுத்த ஆவணப்படம் நீளமானதுதான்; ஆனால் அதன் தலைப்பே 'ஒருத்தரும் வரேல'. யாரும் வரவில்லை என்பதைக் கடற்கரைப் பேச்சிலேயே சொல்லும் இரண்டு சொல். யார் பக்கத்தில் நின்று பேசும் படம் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

எவ்வளவு குறுகியது 'குறு' என்று கேட்கலாம். ஆஸ்கர் விருதில் குறு ஆவணப்படம் என்றால் பெயர் ஓடுவதையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள். முதுமலை யானைக் குட்டிகளையும் அவற்றை வளர்த்த தம்பதியையும் பற்றிய படம் 2023இல் விருது வாங்கியது இந்தப் பிரிவில்தான். முதல் முறை எடுப்பவர்களுக்கு நான் 5 முதல் 10 நிமிடம் சொல்வேன். அதற்குள் 'பிரச்சினை' முழுவதையும் அடைக்க முடியாது, அடைக்கவும் வேண்டாம். ஒரு ஆள், ஒரு பொருள், ஒரு கேள்வி போதும்.

பார்வை என்னுடையது, தகவல் எல்லோருக்கும் பொது

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். என் பார்வைதானே, நான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

மணவாளக்குறிச்சி மணலை எடுத்துக்கொள்வோம். அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, அதனால் அந்தக் கரையில் இயற்கையான கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். இது தகவல். எங்கள் தெருவில் இத்தனை வீட்டில் புற்றுநோய் வந்தது, எங்கள் அம்மாவுக்கும் வந்தது, மண்ணைப் பார்த்தாலே எனக்குப் பயம் என்று ஒருவர் சொன்னால் அது சாட்சியம். அதைப் படத்தில் வைக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அந்தப் பயம் நிஜம். ஆனால் 'இந்த மணலால்தான் எங்கள் தெருவுக்குப் புற்றுநோய் வந்தது' என்று எழுத்துப் போட்டுக் காட்டினால் அது வேறு விஷயம். அதற்கு மருத்துவ ஆய்வு வேண்டும், கணக்கு வேண்டும். இல்லாமல் சொன்னால் எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, உண்மையான பயத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும். நஷ்டம் அந்தத் தெருவுக்குத்தான்.

இன்னொரு தடுமாற்றம், தன்னை நல்லவராக மட்டும் காட்டுவது. நாஞ்சில் நாடு ஒருகாலத்தில் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். இன்றைக்கு நாகர்கோவிலைச் சுற்றி ஏலாக்கள், அதாவது வயல்வெளிகள், மண்ணடித்து மனையாகிக்கொண்டிருக்கின்றன. இதைப் படமெடுக்க வந்த ஒரு தம்பி, ரியல் எஸ்டேட்காரர்களைத் திட்டி நீளமாக எழுதிக்கொண்டு வந்தான். பேசப் பேசத் தெரிந்தது, அவன் வீடே அவன் பாட்டா (தாத்தா) உழுத வயலில்தான் நிற்கிறது. அக்கா கல்யாணத்துக்கு மீதி வயலையும் அப்பா விற்றிருக்கிறார். அதைப் படத்தில் சொல்ல வெட்கப்பட்டான். நான் விடவில்லை. மழைக்காலத்தில் அவன் வீட்டுக் கொல்லையில் இன்னும் தண்ணீர் ஊறி வருமாம், தவளை கத்துமாம். நடுராத்திரியில் அந்தத் தவளைச் சத்தத்தோடு, 'இது எங்கள் வயல், நாங்கள்தான் விற்றோம்' என்று அவன் குரலில் தொடங்கினால் பார்ப்பவர்கள் தங்கள் வீட்டையும் யோசிப்பார்கள். கடைசியில் அப்படித்தான் எடுத்தான். அந்த முதல் ஒரு நிமிடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

வெளியிலிருந்து வந்து எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுபவர்களைப் பற்றி ஒரு சென்னைக்காரரும் எடுக்கலாம். தான் வெளியாள் என்பதை மறைக்காமல் இருந்தால் சரி.

எடுக்கும்போது

கருவி பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இருக்கிற போன் போதும். படுக்கை வசத்தில் பிடியுங்கள், ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், லென்ஸைத் துடையுங்கள், கையை ஆட்டாதீர்கள். சத்தம்தான் முக்கியம். படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்துபோய்விடுவார்கள். ஆரல்வாய்மொழி முப்பந்தலில் நின்றோ, கச்சான் காற்று வீசும்போது முட்டம் கரையில் நின்றோ பேட்டி எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கேட்டால் காற்று மட்டும்தான் இருக்கும். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்றும் அதன் மேல் பஞ்சு உறையும் வாங்குங்கள். சுவருக்கு மறைவாக உட்கார வைத்துப் பேசுங்கள்.

கேள்வி கேட்பது ஒரு கலை. 'உங்களுக்கு எப்படி இருக்கிறது, வேதனையாக இருக்கிறதா' என்று கேட்டால், ஆமாம் என்பார்கள், அழுவார்கள், அதோடு முடிந்தது. 'அன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள்' என்று கேளுங்கள். அடுப்பு, பஸ், மழை என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். எங்கே குரல் தாழ்கிறதோ அங்கேதான் விஷயம் இருக்கிறது. பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் பாயாமல் பத்து விநாடி சும்மா இருங்கள். நல்ல வாக்கியங்கள் பெரும்பாலும் அந்தப் பத்து விநாடியில்தான் வருகின்றன.

குமரிப் பேச்சை மாற்றச் சொல்லாதீர்கள். நம் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும், வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. அதற்குக் கீழே எழுத்துப் போட்டால் போயிற்று. 'டிவியில் பேசுவது போலப் பேசுங்கள்' என்று சொன்ன மாத்திரத்தில் அவர் வேறு ஆளாகிவிடுவார்.

அனுமதி விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. போன் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு எடுப்பது குறைந்தபட்ச மரியாதை. படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், பின்னால் நீக்க நினைத்தாலும் இணையத்திலிருந்து முழுதாக நீக்க முடியாமல் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்றைக்கும் வேலைக்குப் போகும் ஒரு பெண் கூலியைப் பற்றிப் பேசினால் நாளைக்கு அவளுக்கு வேலை இருக்குமா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். முகம் வேண்டாம் என்றால் கையை எடுங்கள், நிழலை எடுங்கள், குரலை மட்டும் வையுங்கள். அழுதுகொண்டிருப்பவரின் கண்ணுக்கு நெருக்கமாகப் போய் நிற்கும் காட்சிகளை நான் அறவே வெறுக்கிறேன். அது துக்கத்தைத் திருடுவது.

அந்த மாணவிக்கும் ஆலைக்குள் எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. சோர்ந்துபோய் வந்தாள். வீட்டுக் கொல்லையில் கொல்லாமரம் (முந்திரி மரம்) இருக்கிறதல்லவா, பாட்டியை அதன் கீழே உட்காரச் சொல் என்றேன். ஒரு கல்லும் ஒரு மரக்கட்டையும் ஒரு கை கொட்டையும் முன்னால் வைத்தார்கள். வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பாட்டி உட்கார்ந்த மாத்திரத்தில் முதுகு தானாக வளைந்தது, இடதுகை கொட்டையை எடுத்து நிறுத்தியது, கட்டை விழுந்தது. தட், தட், திரும்ப ஒரு தட். ஓடு இரண்டாகப் பிரிந்து பருப்பு முழுசாக வந்தது. பேச்சே இல்லாமல் இரண்டு நிமிடம் அது மட்டும். படத்தில் அதற்கடுத்த காட்சி ரேஷன் கடை வாசல். 'விரலை வைங்க' என்று சொல்லும் மெஷினின் சத்தம், பெருவிரலின் நெருக்கக் காட்சி, மழுமழுவென்று கூழாங்கல் போன்ற தோல். உடலைத் தேய்த்து வாங்கிய உழைப்பு, அதே உடலை அடையாளமாகக் கேட்கும் கருவி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததைத் தவிர அவள் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. இப்படி அடுக்குவதற்குத்தான் எடிட்டிங் என்று பெயர். தனிப்பார்வை குரலில் மட்டும் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். எந்தக் காட்சிக்குப் பக்கத்தில் எந்தக் காட்சியை வைக்கிறோம் என்பதில்தான் அது அதிகமாக வெளிப்படும். பின்னால் அந்தக் கடையில் கருவிழியைப் படிக்கும் கருவி வந்து தொல்லை குறைந்தது; அதையும் கடைசியில் ஒரு வரி எழுத்தாகப் போட்டாள். போடாமல் விட்டிருந்தால் படம் பொய்யாகியிருக்கும்.

யாரிடம் முதலில் காட்டுவது

போட்டிக்கு அனுப்புவதும் யூடியூபில் ஏற்றுவதும் பிறகு. முதல் காட்சி, படத்தில் இருப்பவர்களுக்கு. நம் ஊர்களில் வாசகசாலை இருக்கிறது, கோயில் திடல் இருக்கிறது, பங்குப் பேரவைக் கூடம் இருக்கிறது. ஒரு வெள்ளை வேட்டியும் வாடகை புரஜெக்டரும் இருந்தால் போதும். ஆனால் அதற்கும் முன்னால், வீட்டில், அவர்களுக்கு மட்டும்.

அவள் பாட்டிக்குப் போட்டுக் காட்டினாள். 8 நிமிடமும் பாட்டி அசையாமல் பார்த்தாராம். முடிந்ததும், பாட்டி என்ன சொல்வாரோ என்று பேத்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி கேட்டது இதுதான்: "எனக்க பக்கத்துல இருந்து தல்லுனவளக் காணேலியே?"

பக்கத்தில் உட்கார்ந்து 20 வருஷம் அண்டி உடைத்தவர் ஒருவர் இருந்தார். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பேத்திக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. படம் முழுக்கப் பாட்டி தனியாகவே உட்கார்ந்திருந்தார். உண்மையில் அவர் ஒரு நாளும் தனியாக உட்கார்ந்து வேலை செய்ததில்லை.

மறுநாள் அவள் போனை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். மருமகள் பரணிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்துக் கொடுத்தார். பிடிக்கும் இடம் கறுத்து, நடுவில் குழிந்திருந்தது. அதைப் பாட்டியின் கட்டைக்குப் பக்கத்தில் கல்லின் மேல் வைத்து எடுத்தாள். இப்போது படத்தின் நீளம் 8 நிமிடம் 12 விநாடி.